கடுக்கன் மாமன் வீட்டுக்கு வந்த துணிகள்

உங்கள் வீட்டுக் கொடியில், நீங்கள் துவைக்காத, நீங்கள் பிழியாத, உங்கள் பிள்ளை ஒருதடவைகூட நனைக்காத ஒரு பிள்ளைத் துணி தானாக வந்து உட்கார்ந்திருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் மடித்து வைத்தேன். வெயில் ஏறுவதற்குள் எடுக்காவிட்டால் கரிசல் புழுதி படிந்துவிடும் என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. மறுநாள் நாலு வந்தது, அதற்கு மறுநாள் பதினொன்று வந்தது, நாலாம் நாள் என் மாமியார் கொடிக்கயிறு தாங்காது என்று இன்னொரு கயிறு கட்டினார்.

எங்கள் ஊர் கீழச்செல்லையாபுரம், கோவில்பட்டியிலிருந்து மினிபஸ்ஸில் முக்கால் மணி நேரம். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்கு முதல் துணி புதுத்துணியாக இருக்கக் கூடாது. நிறைய வருஷம் வாழ்ந்த ஒருவர் கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, வெங்காயத் தோல் மாதிரி ஆன வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவோம். பிள்ளைக்கு மெத்தென்றும் இருக்கும், அவர் ஆயுசும் சேரும். நாலு வருஷத்துக்கு முன் என் மகள் பிறந்தபோது என் தாய்மாமனின் வேட்டி வந்தது. அவர் வலது காதில் மட்டும் கடுக்கன் போட்டிருப்பார், இன்னொன்று எங்கே என்று கேட்டால் கிணற்றைக் காட்டுவார். அந்த வேட்டியைச் சும்மா சுற்றாமல், நாலு மடிப்பு மடித்து, ஓரம் அடித்து, நாடா வைத்து, பின்பக்கத்தில் சிவப்பு நூலால் ஒரு காதும் அதில் ஒரு கடுக்கனும் போட்டு, கீழே ‘கடுக்கன் மாமன்’ என்று தைத்தேன். யார் வேட்டி என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரி கேட்டாள், அவள் நாத்தனார் கேட்டாள், நாத்தனாரின் ஊரே கேட்டது. அவர்கள் பழைய வேட்டி கொண்டுவருவார்கள், நான் தைத்துக் கொடுப்பேன். முதல் துணிக்குக் காசு வாங்கக் கூடாது என்பது வழக்கம், அதனால் வாங்கவில்லை. யார் வேட்டியாக இருந்தாலும் கடுக்கன் மாமன் என்றுதான் தைத்தேன், ஏனென்றால் கை அதற்குப் பழகியிருந்தது. இரண்டு வருஷம் இப்படிப் போன பிறகு, புதுப் பருத்தியில் தைத்து, வளர்ந்த பிள்ளைகளுக்கென்று ஆன்லைனில் விற்க ஆரம்பித்தோம். பழைய ரேஷன் கடைக் கட்டிடத்தில் ஆறு மெஷின், ஆறு பெண்கள்.

அதற்கு முன்னால் நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம், உள்ளே நாற்காலி எதுவும் கிடையாது. காலையில் வேனில் ஏறினால் பொழுது சாயத்தான் இறக்கிவிடுவார்கள். என் மகள் முதல் அடி எடுத்து வைத்ததை மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது இரண்டாவது பிள்ளை இடுப்பில் இருக்கிறான், சுவரைப் பிடித்து நிற்கிறான், கையை இன்னும் விடவில்லை. இந்தப் பேர் நின்றால் நான் வீட்டில் நிற்பேன், இந்தப் பேர் போனால் மறுபடி அந்த வேனில் ஏறுவேன். இந்தக் கதையில் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

போன ஆடி மாசம் எங்கள் ஆன்லைன் கடை திறக்கவில்லை. ‘இந்தப் பெயர் இன்னொருவருக்குச் சொந்தம் எனப் புகார் வந்துள்ளது’ என்று ஒரு வரி நின்றது. திருப்பூர்ப் பக்கம் சதாசிவம் என்று ஒரு முதலாளி, எங்கள் காதையும் கடுக்கனையும் அப்படியே எடுத்து, கடுக்கன் மாமன் என்று இணையதளப் பேரும் வாங்கி, அந்தப் பேரைத் தனக்கு டிரேட் மார்க்காகப் பதிந்து தரும்படி மனுவும் போட்டு, அந்த மனு எண்ணைக் காட்டி, கீழச்செல்லையாபுரத்தில் ஒருத்தி போலிச் சரக்கு விற்கிறாள் என்று சொல்லிவிட்டார். அந்த ஒருத்தி நான்.

கோவில்பட்டியில் செல்போன் கடைக்கு மேல்மாடியில் ரெஜினா மேடம் இருக்கிறார், பேர்ப் பிரச்சினை பார்க்கிற வக்கீல். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினேன்.

“அவர் மனு டிரேட் மார்க் இதழ்ல வெளியாகி மூணு மாசம் ஆச்சு மாரீஸ்வரி. நாலு மாசத்துக்குள்ள நாம ஆட்சேபம் போடணும். விட்டா பேர் அவருக்குப் போயிரும்.”

“பேர் எங்க மாமனோடது மேடம். அவரு காது.”

“யார் காதுங்கிறத விடுங்க. அந்தப் பேர வச்சு யார் முதல்ல சரக்கு குடுத்தாங்கன்னுதான் பாப்பாங்க. முதல் பில் எங்க?”

“முதல் துணிக்குப் பில் போடக் கூடாது மேடம்.”

“யார் சொன்னா?”

“பிள்ளைக்கு ஆகாது.”

மேடம் பேனாவை மூடி வைத்தார். “பதினாறு வருஷமா இந்த சீட்ல உக்காந்திருக்கேன். எலி தின்னுருச்சும்பாங்க, வெள்ளத்துல போச்சும்பாங்க. பிள்ளைக்கு ஆகாதுன்னு பில்லு போடாம விட்ட ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

தேதி போட்ட ஏதாவது வேண்டும் என்றார். ஊர் வந்து அங்கன்வாடி டீச்சரிடம் சொன்னேன். மாசா மாசம் பிள்ளைகளைத் தொங்குதராசில் போட்டு எடை பார்த்து, செல்போனில் படம் எடுத்து ஏற்றுவது அவர் வேலை. அந்தப் படத்தின் கீழே தேதியும் நேரமும் ஊர்ப்பேரும் தானாக விழும். தேடிப் பார்த்ததில் நாலு வருஷத்துக்கு முந்தியதிலிருந்து பத்தொன்பது பிள்ளைகள் கிடைத்தார்கள், பத்தொன்பது பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு, பத்தொன்பது பின்பக்கத்திலும் சிவப்புக் காது. மேடம் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார்.

“நல்லா இருக்கு. ஆனா அவரு மனுவுல ஆறு வருஷமா இந்தப் பேர்ல விக்கிறேன்னு எழுதிருக்காரு.”

“பொய் மேடம்.”

“பொய்தான். பொய்யின்னு காட்டணும்ல?”

அன்றைக்கு ஊர் திரும்பி, மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோதுதான் கொடியில் அந்த முதல் துணி உட்கார்ந்திருந்தது.

அது எங்களுடையது இல்லை. எங்கள் காது வலது காது, இது இடது காது. எங்கள் துணி வாளியில் போட்டால் முங்கும், இது மிதந்தது. அதற்குப் பிறகு மேற்கிலிருந்து வரிசையாக வந்தன. நாலுவழிச் சாலையில் லாரி போகும்வரை ஓரத்து அரளிச் செடியில் காத்திருந்து, பிறகு தாழ்வாகக் கடந்து, உளுந்துக் காட்டின் மேலே நிழல் விழ, நாடா இரண்டையும் பின்னால் நீட்டிக்கொண்டு வந்தன. சில காய்ந்திருந்தன, சில ஈரமாக இருந்தன, சிலவற்றை ஒதுக்குப்புறமாகத்தான் பிரிக்க முடிந்தது. எந்தப் பிள்ளையின் இடுப்பிலிருந்து எப்படி அவிழ்ந்து வந்தன என்று நாங்கள் ஆராயவில்லை. “மாமன் பேரச் சொல்லிக்கிட்டு வருது, மாமன் ஊருக்கு வராம வேற எங்க போகும்?” என்றார் என் மாமியார். ஊருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

ஊருக்கு வேறு கவலைகள் இருந்தன. களத்தில் காய்ந்த மிளகாய் வத்தல் மேல் ஆறு துணி இறங்கி, அதைத் தெரியாமல் எடுத்துத் தன் பேரனுக்குக் கட்டிய ஒரு வீட்டில் பெரிய கூச்சல் ஆனது. ஒரு வெள்ளாடு இரண்டைத் தின்றது. மினிபஸ் கண்ணாடியில் ஒன்று ஒட்டிக்கொண்டதால் டிரைவர் வண்டியை வாய்க்காலில் இறக்கி, பிறகு ஏற்றினார். ஊர்க்கூட்டம் போட்டார்கள். அதில் யாரும் துணி எப்படிப் பறக்கிறது என்று கேட்கவில்லை. பறந்து வந்த துணி யார் பொறுப்பு என்றுதான் கேட்டார்கள்.

“என் பொறுப்பில்ல. நான் தைக்காதது” என்றேன்.

“உம் பேரு போட்டிருக்குல்லா?” என்றார்கள்.

“பேரு என்னோடதா இல்லையான்னுதான் கேஸே நடக்குது.”

அப்போது பின்னால் இருந்து வேலுச்சாமி எழுந்தார். எனக்குச் சித்தப்பா முறை. ஊராட்சியின் மாட்டுப் பவுண்டுக்குக் காவல்காரர். பயிரில் மேய்ந்த கேட்பாரற்ற மாட்டைப் பிடித்து அடைத்து, உடையவன் வந்து தண்டம் கட்டினால் விடுவது அவர் வேலை. ஊரில் மாடு குறைந்து, பவுண்டு பதினோரு வருஷமாகக் காலியாக இருந்தது. அவர் தினமும் போய்ப் பூட்டைத் திறந்து, உள்ளே ஒருசுற்று நடந்து, பூட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார்.

“அடுத்தவன் வெள்ளாமையில இறங்குன உருப்படி, உடையவன் யாருன்னு தெரியாத உருப்படி, மேல குறி போட்ட உருப்படி. இது பவுண்டுலதான் நிக்கணும். நாலு காலு இருக்கணும்னு விதியில எங்கயும் இல்ல” என்றார்.

விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். இல்லைதான்.

அன்றிலிருந்து துணி பவுண்டுக்குப் போனது. சித்தப்பா குறுக்கே பன்னிரண்டு கயிறு கட்டி, ஒவ்வொன்றாகப் பேரேட்டில் பதிந்து, தொங்கவிட்டார். அடைத்த உருப்படிக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்ற விதிப்படி காலையும் மாலையும் தொட்டியில் முக்கி எடுத்ததில், துணிகள் எல்லாம் வெளுத்துப் பளிச்சென்று ஆகிவிட்டன. வைக்கோல் மட்டும் போடவில்லை, போட்டால் குத்தும் என்றார். பிறகு வந்த துணிகளுக்கும் வழி தெரிந்துவிட்டது. என் வீட்டுக் கொடிக்கு வராமல் நேரே பவுண்டு வாசலில் இறங்கி, அவர் திறக்கும்வரை நின்றன. பக்கத்து ஊர்ப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள், இரண்டு நாள் வந்தார்கள், மூன்றாம் நாள் களையெடுப்பு இருந்ததால் வரவில்லை.

ஆனால் துணியை இழந்த தாய்மார் எனக்கு எழுதினார்கள். சதாசிவத்தின் இணையதளத்தில் போன் நம்பர் கிடையாது, கடுக்கன் மாமன் என்று தேடினால் என் நம்பர்தான் வரும். ‘பஸ் ஸ்டாண்டில் வைத்துப் போய்விட்டது, என் பிள்ளை அம்மணமாக நிற்கிறான், இதுதான் உங்கள் தரமா?’ என்று ஒருத்தி. ‘நாடா சரியில்லை’ என்று ஒருத்தி. சத்தமில்லாமல் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு ஒருத்தி. எல்லாருக்கும் பதில் போட்டேன்: அது நாங்கள் தைத்தது இல்லை, ஆனாலும் உங்கள் துணி பத்திரமாக வந்து சேர்ந்தது, தண்ணீர் காட்டப்படுகிறது.

மேடத்திடம் போனில் கேட்டேன். “அதுகளா பறந்து வருதே மேடம், இதவிடப் பெரிய சாட்சி என்ன இருக்கு?”

“பறக்குறதுக்குப் படிவத்துல இடமில்ல மாரீஸ்வரி. கையெழுத்தும் தேதியும் இருக்கிற காகிதம் கொண்டாங்க. இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு.”

ஒன்பது ஆறானது. தீப்பெட்டி ஆபீஸ் வேன் டிரைவர் தெருவில் பார்த்து, “உன் சீட்டுல இன்னும் யாரையும் போடல மாரீசு, சும்மா ஒரு வார்த்த சொன்னேன்” என்றார். நல்ல மனிதர்.

ஆறு மூன்றானபோது சதாசிவமே வந்தார். வெள்ளைக் காரில் வந்தார், பின்னால் ஒரு சரக்கு வேனும் வந்தது. விற்ற துணி மட்டும் இல்லை, அவர் கிட்டங்கியில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்ததும் பெட்டியைக் கிழித்துக்கொண்டு கிளம்பிவிட்டதாம். வாடிக்கையாளர் ஒருத்திக்கு நான் போட்ட பதிலைப் படித்து, துணி இங்கே இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். கோபத்தில்தான் இறங்கினார், ஆனால் பவுண்டுக்குள்ளே நானூற்றுச் சொச்சம் துணியும் அவரைப் பார்க்காமல் என் பக்கமாகத் திரும்பித் தொங்குவதைக் கண்டு கொஞ்சம் நிதானமானார். நான் மோர் கொடுத்தேன். குடித்தார்.

“ஏனுங்க பெரியவரே, இதெல்லாம் எம்பட சரக்குங்க. ஏத்திட்டுப் போகோணும்.”

“தாராளமா ஏத்துங்க அய்யா. உடையவரு வந்தா விடத்தானே நாங்க இருக்கோம்” என்று சித்தப்பா பேரேட்டை விரித்தார். “உங்களுதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். குறி என்ன?”

“காதுங்க. செவப்பு நூலு. கடுக்கன் மாமன்னு பேரு.”

“போட்டது யாரு?”

“எங்க கம்பெனிதானுங்க. வேற ஆரு போடுவாங்க?” என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பல்லு எத்தன?”

“துணிக்கு எங்கீங்க பல்லு?”

“வயசு தெரியணும்லா? அதுக்குத்தான் பேரேட்டுல இந்தக் கட்டம். ரெண்டு வருஷத்துக்கு மேலன்னா வளந்த மாடு, தண்டம் நாலு பங்கு. அதுக்குள்ளன்னா கன்னுக்குட்டி, ஒரு பங்கு. குறி எப்பப் போட்டதுன்னு வச்சு வயசப் பாப்போம்.”

சதாசிவம் கயிறுகளைப் பார்த்தார். உதடு அசைந்தது, ஒவ்வொரு கயிறாகப் பெருக்கினார்.

“கன்னுக்குட்டிங்க.”

“வாய்ச்சொல்லு ஆகாது அய்யா. பழைய குறியா இருந்து பின்னால தெரிஞ்சா என் வேலை போயிரும். எப்ப இருந்து இந்தக் குறி?”

“போன தையிலிருந்துங்க.”

“அதுக்கு முந்தி?”

“அதுக்கு முந்தி இந்தக் குறியே எங்ககிட்டக் கெடையாதுங்க. நெசமாலுமே கன்னுக்குட்டிங்க.”

“அப்ப அதையே எழுதுங்க.”

எழுதினார். அழகான கையெழுத்து. ‘மேற்படி குறியும் பெயரும் போன தை மாதம் முதல்தான் எங்களால் போடப்பட்டு வருகின்றன, அதற்கு முன் இல்லை’ என்று எழுதி, தேதி போட்டு, கம்பெனி முத்திரையும் குத்தினார். இடுப்பில் இருந்த பிள்ளை என் தாலிக்கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கு அன்று வாய்த்த புத்தி அவ்வளவுதான், ஆனால் அது போதுமானதாக இருந்தது. இன்னொரு தம்ளர் மோர் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

தண்டத்தைக் கட்டி, வேனில் ஏற்றிக்கொண்டு போனார். பொழுது இறங்குவதற்குள் துணியெல்லாம் திரும்பிவிட்டன, சித்தப்பா மறுபடி முதலிலிருந்து பதிந்தார். ஆனால் நான் அதற்குள் அந்தப் பக்கத்துக்கு ஊராட்சி முத்திரையோடு நகல் வாங்கிக்கொண்டு கடைசி மினிபஸ்ஸைப் பிடித்திருந்தேன். மேடம் அதை இரண்டு தடவை படித்தார். “கன்னுக்குட்டி” என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு சிரிக்காமல், அங்கன்வாடிப் பிள்ளைகள் பத்தொன்பது பேரையும் பவுண்டுப் பேரேட்டையும் ஒன்றாகச் சேர்த்து ஆட்சேபத்தோடு வைத்து அனுப்பினார்.

சதாசிவத்தின் வக்கீல் பதில் எதுவும் போடாமல் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இணையதளப் பேரையும் எங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கடை மறுபடி திறந்தது. அந்தப் பேருக்கு நாங்களும் போட்ட மனு மெதுவாக, அதற்கே உரிய நடையில், மேசை மேசையாக நடந்து, ஒரு நாள் சான்றிதழாக வந்தது; அதை லேமினேட் செய்து ரேஷன் கடைக் கட்டிடத்தில், அரிசி விலை எழுதியிருந்த பலகைக்குப் பக்கத்தில் மாட்டினோம். வேன் டிரைவரிடம், அண்ணே, அந்த சீட்டுல வேற யாரையாவது போட்டுக்கோங்க என்று சொன்னேன்.

பாக்கி இருந்தது பவுண்டில் நின்ற துணிகள்தான். போலிச் சரக்கைப் பேருக்கு உடையவர் அழிக்கலாம் என்றார் மேடம். பிள்ளைத் துணியை எப்படி எரிப்பது என்று ஆறு பெண்களுக்கும் மனசு வரவில்லை. பேர்தானே எங்களுடையது, துணி இல்லையே, பேரை மட்டும் எடுத்துக்கொண்டு துணியை விட்டுவிடுவோம் என்று முடிவெடுத்து, ஆளுக்கொரு ஊசியோடு உட்கார்ந்து சிவப்பு நூலைப் பிரித்தோம். கடைசி எழுத்தின் நூல் வந்ததும் துணி கொஞ்ச நேரம் மடியில் சும்மா கிடக்கும், தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி ஒரு உதறு உதறும், பிறகு எழுந்து வேப்பமரத்துக்கு மேலே போய் மேற்கே திரும்பும். மூன்று நாள் பிரித்தோம். ‘துணி வந்துவிட்டது, பேர் இல்லை, சுத்தமாக இருக்கிறது’ என்று பஸ் ஸ்டாண்டுக்காரி ஐந்து நட்சத்திரம் போட்டாள்.

கடைசித் துணி சின்னது, கைக்குட்டை அளவு. வெட்டு மிச்சத்தில் தைத்தது என்று ஒட்டைப் பார்த்தாலே தெரிந்தது, ஆனால் காதை மட்டும் இரட்டை நூலில், கடுக்கனில் ஒரு மணி வைத்து, யாரோ உட்கார்ந்து நிதானமாகப் போட்டிருந்தார்கள். ஊசியை நூலுக்கு அடியில் விட்டேன். போன் அடித்தது.

“அக்கா, கடுக்கன் மாமன் அக்காவுங்களா? எம் பேரு கோகிலாங்க. சதாசிவம் கம்பெனில உங்க பேரத் தெச்சது நாந்தானுங்க. தெக்கச் சொன்னாங்க, தெச்சேன். தப்பா நெனைக்காதீங்க.”

“தைக்கிறவ மேல என்னம்மா தப்பு? சொல்லு.”

“ஒண்ணே ஒண்ணு, வெட்டுத்துணில எம் பையனுக்குத் தெச்சேனுங்க. விக்கலீங்க. மத்ததோட அதுவும் கெளம்பி வந்துருச்சு. கடுக்கன்ல மணி வெச்சிருக்கும்.”

“இந்தா, எங்கையிலதான் இருக்கு. பேரப் பிரிச்சு விட்டுர்றேன், நாளைக்கு வந்துரும்.”

அவள் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள்.

“பிரிக்க வேண்டாமுங்கக்கா.”

“பேரோட அனுப்புனா மறுநாளே இங்க திரும்பிருமே, தாயி. எங்க பேராச்சே.”

“தெரியுமுங்க. எங்கூட்டுல நான் ஒத்தப் பொண்ணுங்க. எம் பையனுக்கு மாமன்னு ஒருத்தரும் இல்லீங்க. வர்ற மாசி அவனுக்குக் காது குத்தறோம், உக்கார மாமன் மடி வேணும்ங்கறாங்க, அந்தத் துணிய விரிச்சு அதுமேல உக்கார வெக்கலாம்னு இருந்தேனுங்க. உங்க வக்கீலம்மாகிட்டச் சொல்லி, அந்த ஒரு துணி மட்டும் உங்க பேர வெச்சுக்கலாம்னு ஒரு அனுமதிக் காயிதம் எழுதுங்கக்கா. எழுதி, அதுகிட்ட ஒருக்காப் படிச்சுக் காட்டி அனுப்பி வைங்க. அப்பறம் பறக்காம இங்கயே நின்னுக்கும்.”